உள்ளே: 1

சூட்டறைக்குள் யாரும் இல்லை. கணிப்பொறி மட்டும் ஒருவர் இருப்பதாகச் சொன்னது.

காலை பத்தரை மணி. "உள்ளே: 1" என்று தாளில் அடித்துவிட்டு அச்சுப்பொறி நின்றது. யதிராஜன் தாளைக் கிழித்துப் போட்டு மறுபடி ஓட்டினான். ஒன்று.

கும்மிடிப்பூண்டியில் பெயின்ட் பூசிய இரும்புச் சாமான்களைக் காயவைக்கும் அறை அது. உள்ளே போகிற தொழிலாளி வாசல் பெட்டியில் அட்டையைச் செருகவேண்டும். வெளியே வரும்போது மறுபடி. போனவர்களும் வந்தவர்களும் சமமா என்று கணிப்பொறி சோதிக்கும். சமமானால் மணி மூன்று முறை அடிக்கும், கதவு மூடும், பர்னர் பற்றும். இல்லாவிட்டால், சமமாகும்வரை காத்திருக்கும். 1976இல் அந்தச் சோதனையை எழுதிவிட்டு, ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தவன் யதிராஜன்தான். அலுவலகத்தாருக்கும் அட்டை வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். "அந்தச் சூட்டுக்குள்ள நாங்க எதுக்குப் போகப்போறோம்?" என்று சிரித்தான்.

போன மாதமும் இப்படித்தான் கணக்கில் ஒன்று நின்றது. "அப்பாவு கார்டு போடாம ஊட்டுக்குப் போயிருப்பான் சார், ஓட்டுங்க" என்றான் சூப்பர்வைசர் பாக்கியராஜ். அறுபது அடி நடந்து பார்க்க யதிராஜனுக்குச் சோம்பல். சோதனையைத் தாண்டிப் போகும்படி ஒரு வரி சேர்த்தான். சாயங்காலம் கதவைத் திறந்தபோது, அப்பாவு வீட்டுக்குப் போகவில்லை என்பது தெரிந்தது. அந்த வரியை அவசரமாக அழித்தான். உள்ளே போகும்போது அட்டை போட மறந்தான் என்று பழி செத்தவன்மேலேயே விழுந்தது. அந்த வரியைப் பற்றி யதிராஜன், பாவி, வாயே திறக்கவில்லை.

"உள்ள ஒர்த்தனும் இல்ல சார். ரெண்டு தபா பாத்துட்டேன்" என்றான் பாக்கியராஜ். "போன தபா மாதிரி தாண்டி வுட்ருங்க. இன்னாத்துக்கு பேஜாரு?"

"வேண்டாம். நானே பார்க்கறேன்."

பாக்கியராஜ் தோளைக் குலுக்கிக்கொண்டு டீ குடிக்கப் போனான். யதிராஜன் தனியாக உள்ளே நுழைந்தான். நேற்றைய சூடு இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. பெயின்ட் நெடி தொண்டையைச் சுரண்ட, கொக்கிகளில் தொங்கிய இரும்புச் சட்டங்கள் காற்றே இல்லாமல் ஒன்றோடொன்று மெல்ல உரச, அந்த நெடிக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை, துணியும் முடியும் கருகிய வாசனை, அவன் நடக்க நடக்கக் கூடவே வந்தது.

கடைசி மூலை வரை பார்த்தான். காலி.

திரும்பினான். ரப்பர் செருப்புச் சத்தம். அவனைக் கடந்து வாசலை நோக்கிப் போனது. அவசரமே இல்லாமல்.

வாசலில் 'டக்'. யாரோ அட்டையைச் செருகினார்கள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. போனவர்கள், வந்தவர்கள். இப்போது சமம்.

அவனிடம் அட்டை இல்லை.

மணி. ஓடினான். மணி. சட்டத்தில் மோதி விழுந்தான். மணி.

கதவு மூடியது.

இரண்டு கைகளாலும் கதவை அடித்தான். பாக்கியராஜைக் கூப்பிட்டான். பெருமாளே என்று தெய்வத்தைக் கூப்பிட்டான். கதவிலிருந்த சின்னக் கண்ணாடியில் ஒரு முகம் வந்து ஒட்டியது. புருவம் இல்லை. உதடு இல்லை. நெற்றியில் கைவைத்து, வெளிச்சத்தை மறைத்து, அது கவனமாக உள்ளே பார்த்தது. இந்த மூலை. அந்த மூலை. யதிராஜனின் முகத்துக்கு நேராக ஒரு நிமிஷம்.

பிறகு பின்னால் திரும்பிச் சொன்னது.

"யாரும் இல்ல சார். ஓட்டுங்க."