பத்திரமான இடம்

காலை ஆறு இருபது. வடக்கனந்தலில், தன் வீட்டுக் கூடத்தில், சுபஸ்ரீ உறையின் ஜிப்பைத் திறந்தாள். அலைச்சறுக்குப் பலகையின் மேல்பக்கம் முழுக்கக் கொப்புளம். அடிப்பக்கம் புதிதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் அணித் தேர்வு. அவளிடம் வேறு பலகை இல்லை. கல்லூரிப் பரீட்சைக்காக இதை வீட்டில் விட்டுப் போனவள், நேற்றிரவுதான் திரும்பினாள்.

அடுத்த வீட்டு அருள்மொழி காவல் உதவி ஆய்வாளர். விடுப்பில் வந்திருந்தாள். கூப்பிட்டதும் கொல்லை வழியாக வந்தாள். அங்கே வைக்கோல் போரின் உச்சியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"யாரு மேல சந்தேகம்?"

"அண்ணன் மேலதான்க்கா. பொளந்து அடுப்புல வெக்கிறேன்னு சொல்லிக்கினே இருந்துச்சு."

அண்ணன் இளமாறன் வாசற்படியில் நின்றான்.

"சொன்னேன். கடலே இல்லாத ஊர்ல இதுக்கு இன்னா வேலை? ஆனா தொடல. செவுத்துல சாஞ்சிக்கினு இருந்தத தெனம் பாத்தேன்."

"தொறந்து பாத்தியா?"

"இல்ல."

அப்பா கொளஞ்சியப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்தார்.

அருள்மொழி பலகையைத் தடவினாள். வெட்டு இல்லை. கீறல் இல்லை. கால் வழுக்காதிருக்கப் பூசும் மெழுகு உருகி மறுபடி இறுகியிருந்தது. அதனுள் வைக்கோல் துணுக்குகள். உறையை உதறினாள். சாக்கு நார் விழுந்தது.

"நீ தெனம் பாத்தது சாக்கு அடைச்ச உறைய. போர்டு வைக்கோல் போருக்குள்ள இருந்துருக்கு. போர் மேல ஈர வைக்கோல் ஏத்துனது யாரு?"

"நாந்தான். மழையில அறுத்தது."

"ஈர வைக்கோல் உள்ளுக்குள்ள வெந்துக்கினே இருக்கும். அதான் மேல்பக்கம் மட்டும் பொங்கியிருக்கு."

"அப்ப நாந்தானா?"

"பாதிதான் நீ. பொளக்க நெனக்கிறவன் ஒளிச்சு வெக்க மாட்டான். ஒடையக்கூடாதுன்னு நெனச்சவருதான் மெத்துன்னு எடம் பாத்து வெச்சிருக்காரு. இல்லீங்களா மாமா?"

கொளஞ்சியப்பன் வாளியைக் கீழே வைத்தார். மகளின் கடல் ஆசையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசாதவர்.

"இவன் வெட்டிடுவான்னு பயந்தேன். மாங்காய வெக்கிறாப்புல காஞ்ச போர்ல சொருகினேன். இவன் அது மேலயே ஏத்திட்டான். எடுத்தா தெரிஞ்சிடுமேன்னு சும்மா இருந்தேன். நேத்து இருட்டுல எடுத்து மறுபடி உறையில போட்டேன், பாக்கல."

சுபஸ்ரீ பயிற்சியாளருக்குப் படம் அனுப்பினாள். உடனே பதில் வந்தது: கொப்புளத்தில் பிசின் ஏற்றிப் பாரம் வைத்தால் சனிக்கிழமைக்குள் சரியாகும், இன்றே புதுச்சேரிக்குக் கொண்டு வா.

இளமாறன் உள்ளே போனான். தன் மெத்தையைச் சுருட்டிவந்து, வாசலில் நின்ற தன் மினி லாரியில் விரித்தான். பலகையை அதன் மேல் கிடத்தினான். கட்டக் கயிறு எடுத்தவன், அதைப் போட்டுவிட்டு அம்மாவின் பழைய சேலையைக் கிழித்தான்.

கொளஞ்சியப்பன் பின்னால் ஏறி, பலகையின் மேல் கை வைத்து உட்கார்ந்தார்.

"வண்டி குலுங்குமே, பாப்பா. கடல் வரைக்கும் நான் புடிச்சிக்கினே வரட்டா?"