பேரும் விஷயமும்

அந்தச் சத்தம் முந்தி அதில் இல்லை.

புகைப்புரையின் வாசலில் நின்று, ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் பட்டு வெடித்த விரல்களால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஞானபாய் மறுபடியும் போட்டுக் கேட்டாள். மகள் அனுமோளின் குரல்தான். வெள்ளறடையில் ரப்பர் ஷீட் அடித்துப் புகையில் தொங்கவிட்டு வேலை முடிந்ததும், கொல்லயிலில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குத் தினமும் ஒரு போன் போடுவாள். கொஞ்ச நாளாக எடுப்பது அந்த மெஷின் மட்டும்தான். "நாங்க இப்ப வீட்டில இல்ல. பீப் சத்தம் கேட்டதும் பேரும் விஷயமும் சொல்லுங்க." அதன் முடிவில் பக்கத்தில் யாரோ இருமுகிற சத்தம். பிறகு அதையே மலையாளத்தில் ஒரு தடவை. பிறகு பீப். அவ்வளவுதான் அதில் உண்டு. இன்றைக்கு "வீட்டில இல்ல" என்ற இடத்தில், குரலுக்கு வெகு பின்னால், இரும்பின்மேல் கல்லைப் போடுவதுபோல ஒரு சத்தம்.

டங்.

அது முந்தி இல்லை என்று ஞானபாய்க்கு நிச்சயமாகத் தெரியும். பதிவு செய்தபோது அவள் அந்த அறையில்தான் நின்றாள். அந்த இருமலே அவளுடையதுதான்.

மருமகன் ஷிபின் நெய்யாற்றின்கரையில் வயரிங் வேலைக்காரன். அனுமோளின் மொபைலை டிஸ்பிளே போயிற்று, சரியாக்கித் தருகிறேன் என்று வாங்கினவன் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஞானபாய் கேட்கப் போன அன்றைக்கு அவன் பதிலாக ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினான். கார்ட்லெஸ் போன். "வீட்டில இருக்கிற பெண்ணுக்கு வீட்டு போன் போரும் மாமி. இதில ஆன்சரிங் மெஷினும் உண்டு." ஸ்டாண்டைச் சுவரோரம் வைத்தான், ரிசீவருக்குள் பேட்டரியைத் திணித்தான், ராத்திரி முழுக்க சார்ஜில் கிடக்காவிட்டால் பேட்டரி பாழ் என்று பாடம் எடுத்தான். பிளக்கைச் சுவரில் குத்திவிட்டு, "கரண்டு போச்செங்கி இது வெறும் பிளாஸ்டிக்காக்கும். செத்த சாதனம்" என்றான்.

பிறகு அனுமோளை ஸ்டாண்டுக்கு முன்னால் நிறுத்தினான். சிவப்பு விளக்கு எரிகிறவரைக்கும் பேசுவதெல்லாம் பதியும். 

"சிரிச்சுட்டு பறை."

"சிரிச்சா போனில காணுமா?"

"காணாது. கேக்கும்."

அவளும் சொன்னாள். போதாது என்றான். மறுபடி. போதாது. மறுபடி. ரிசீவரைத் தூக்கிப் பிடித்திருந்த கையில் நைட்டியின் கை நழுவி இறங்கியபோது, முழங்கைக்கு மேலே நாலு விரல் பதிந்த கறுப்பை ஞானபாய் கண்டாள். புகைப்புரையில் வருஷக்கணக்காக விழுங்கின புகை மொத்தமும் அப்போதுதான் மேலே வந்தது. இருமிவிட்டாள்.

"கொஞ்ச நேரம் வாயப் பொத்தினா என்ன மாமி?" அவன் அழிக்கப் போனான். அனுமோள் அவன் கையைத் தடுத்தாள். அவள் அந்த வீட்டில் எதையாவது தடுத்து ஞானபாய் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"கிடக்கட்டு. எனக்க அம்மைக்க இருமல் எனக்க வீட்டில கிடக்கட்டு."

கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தவள், அங்கே வைத்து மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, நானும் வாறேன்."

"முதல் வருஷம் எல்லா வீட்டிலயும் இப்பிடித்தான் மக்கா. திரும்பிப் போ" என்றாள் ஞானபாய்.

அந்த வார்த்தையைச் சொன்ன வாயைச் செருப்பால் அடிக்கலாம் என்று அதற்குப் பிறகு ஷீட் அடிக்கிற மிஷினின் சக்கரத்தைச் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் நினைத்திருக்கிறாள்.

மறுநாள் போட்டபோது அந்த டங் பெரிதாகக் கேட்டது. அதன் பின்னால் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. கனத்த மரம் சிமெண்டுத் தரையில் இழுபடுகிற சத்தம். பல்லைக் கூச வைக்கிற, நீளமான இழுவை. அனுமோளின் குரல் மாறவில்லை. அதே சிரிப்பு, அதே வேகம். தனக்குப் பின்னால் ஒன்றுமே நடக்காததுபோலப் பேசிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் புருஷன் சுந்தரதாஸ் ரப்பர் பால் வெட்டுகிற கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

"மழையல்லா. லைனில தண்ணி கேறியிருக்கும்."

"தண்ணி கேறினா நாற்காலி இழுபடுமா ஓய்?"

"எட்டி, கெட்டிக்குடுத்த வீட்டில போயி நாம கேறி விளையாடாண்டாம். அது அவளுக்க வீடு."

"அவளுக்க வீடா? அந்த வீட்டில அவளுக்கெண்ணு கிடக்கியது எனக்க இருமல் மட்டும்தான்."

கத்தி கல்லில் உரசியது. அந்த உரசல் நிற்கும்வரை ஞானபாய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், பார்வையாலேயே ஒரு மனுஷனை அறுக்க முடியும் என்பதுபோல.

அதற்கு மறுநாள் காலடி.

ரப்பர் செருப்பு போட்ட காலடி. ஒரு கால் சப்பென்று விழுந்தது, மற்றக் கால் விழும்போது கூடவே ஒரு சின்ன இரும்புச் சத்தம். சப்பு. டிக். சப்பு. டிக். குரலை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஷிபின்தான், செருப்பில் ஆணி குத்தியிருக்கிறது, அந்தப் பாவி பிள்ளையின் பின்னால் வந்து நிற்கிறான் என்று நினைத்தாள் ஞானபாய். கையில் இருந்த போனை உடைக்கத் தோன்றியது. உடனே அவன் மொபைலுக்குப் போட்டாள்.

"எலே, அனுமோளுட்ட குடு."

"அவ உறங்குதா மாமி. மெசேஜ் விடுங்க. அதுக்கல்லா மெஷின் வாங்கி வச்சிருக்கேன்."

"உறங்கினா எழுப்புல."

"நான் வெளியில ஆக்கும். பின்ன விளிக்கேன்."

வெளியில் நிற்கிறவனுக்கு உள்ளே உறங்குகிறவளை எப்படித் தெரியும்? கேட்பதற்குள் வைத்துவிட்டான். அவன் குரலுக்குப் பின்னால் லாரிகளின் இரைச்சல் கேட்டது. மழை இல்லாத ஏதோ தூரத்து ஊர். இங்கேயோ நாலைந்து நாளாகப் பேய்மழை.

அடுத்த நாள் மத்தியானமே ஷீட் மிஷினை நிறுத்திவிட்டுப் போட்டாள். டங். இழுவை. சப்பு, டிக். காலடி குரலுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. "...பேரும் விஷயமும் சொல்லுங்க."

அதற்குப் பிறகு இருமல் வர வேண்டும்.

வரவில்லை.

அந்த இடத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மலையாளமும் வரவில்லை. பீப்பும் வரவில்லை. ஒன்றும் வராமல் அப்படியே நீண்டது, அவளுக்காகக் காத்திருப்பதுபோல. ஞானபாய்தான் போனைத் துண்டித்தாள். சுந்தரதாஸின் கத்தியை எடுத்துத் துணிப்பையில் குடைக்குக் கீழே வைத்தாள். முதலாளியிடம் சொல்லாமல் பஸ் ஏறினாள். இன்றைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவது. ஊர் என்ன சொன்னாலும், சபையில் எவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாலும் சரி.

கொல்லயிலில் இறங்கும்போது பஸ் படியில் வலது செருப்பின் வார் அறுந்தது. தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கைக் கழற்றி, வாரை அடியில் குத்தி மாட்டிக்கொண்டு நடந்தாள். தென்னந்தோப்புக்கு நடுவே வழியெல்லாம் சேறு. நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஷிபின் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. முற்றத்தில் விழுந்து கிடந்த தென்னை மட்டையை யாரும் எடுத்துப் போடவில்லை.

பக்கத்து வீட்டு ஸ்ரீகுமாரி குடை பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்தாள்.

"அவங்க வேளாங்கண்ணிக்குப் போயல்லோ, ஞாயிறாழ்ச்ச. ஷிபினும் அவனுக்க அம்மயும்."

"எனக்க மோளு?"

"காரில உண்டாவும் எண்ணு நினைச்சேன். நான் கண்டில்ல." ஸ்ரீகுமாரி குரலைத் தாழ்த்தினாள். "போனடிச்சா ஆளில்லாத வீட்டில கேக்குமே, சேச்சி. அதுகூட கேக்கல்ல. கரண்டு இல்லல்லோ. அன்னைக்கே மரம் விழுந்து கம்பி பொட்டிப் போயி. இந்த பாகத்து ஒரு வீட்டிலயும் கரண்டில்ல, இதுவர."

ஞானபாயின் கையிலிருந்த குடை மடங்கியது.

கரண்டு போனால் செத்த சாதனம். ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு தினமும் அவள் போட்டாள். தினமும் அது எடுத்தது. தினமும் பேசியது.

முற்றத்தில் அம்மிக்குழவி கிடந்தது. அதைத் தூக்கினாள். "சேச்சி, எந்தா இது, போலீசில பறயாம்" என்று ஸ்ரீகுமாரி வேலிக்கு அப்பால் கத்தினாள். "பறை. எல்லாரையும் கூட்டிட்டு வா" என்றாள் ஞானபாய். அந்த வீட்டின்மேலும், அதைக் கட்டினவன்மேலும், மகளை அங்கே திருப்பி அனுப்பின தன்மேலும் இருந்த ஆத்திரம் மொத்தத்தையும் சேர்த்துப் பூட்டின்மேல் போட்டாள்.

டங்.

கை அப்படியே நின்றது.

மறுபடி போட்டாள். பூட்டு விழுந்தது. உள்ளே இருட்டு. பூட்டிக் கிடந்த ஈரத்தின் வாடை. அதற்குள் இன்னொரு வாடை, நாள்கணக்கில் புளித்த ரப்பர் பாலைப்போல. ஆனால் ரப்பர் பாலின் நாற்றம் அவளுக்குத் தெரியும். இது அது இல்லை.

உள்ளறைக் கதவின் கைப்பிடிக்குக் கீழே, வெளிப்பக்கத்தில், ஒரு நாற்காலியைச் சாய்த்து முட்டுக் கொடுத்திருந்தது. பலாமர நாற்காலி. அடுக்களை காணலுக்கு, புதுக்குடித்தனத்துக்குச் சாமான் கொண்டுவந்து வைக்கிற அன்றைக்கு, அவளே தலையில் சுமந்து கொண்டுவந்த நாற்காலி.

"பாவி. உள்ள போட்டு அடச்சிட்டா போன?"

இழுத்தாள். கனத்த மரம். சிமெண்டுத் தரை. நீளமான இழுவை.

பல் கூசியது.

இந்தச் சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள்.

கதவு திறந்தது. ஒரு அடி வைத்தாள். சப்பு. மற்றக் கால். செருப்பின் அடியில் ஊக்கு தரையைத் தொட்டது.

டிக்.

ஷிபின் இல்லை. அது ஷிபினே இல்லை. இத்தனை நாளும் அந்தப் போனில் மகளின் பின்னால் வந்துகொண்டிருந்தது இவள்தான். அனுமோள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அம்மா பூட்டை உடைப்பதை. நாற்காலியை இழுப்பதை. நடந்து வருவதை. வந்துகொண்டே இருப்பதை. வந்து சேராமல்.

"மக்கா."

ஜன்னல் சாத்தியிருந்தது. தரையில் போன் ஸ்டாண்ட். அதன் வயர் சுருண்டு கிடந்தது, பிளக் எதிலும் குத்தாமல். சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் தெரிந்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே. தரையில் உட்கார்ந்து. முகம் சுவரைப் பார்த்து. அவிழ்ந்த முடி. அதே நைட்டி. காதோடு ரிசீவர். நைட்டியின் விளிம்பில் ஏறி, முதுகைக் கடந்து, முடிக்குள் போய்க்கொண்டிருந்தது ஒரு எறும்பு வரிசை.

முதுகு அசையவில்லை. மூச்சுக்குக்கூட.

"நாங்க இப்ப வீட்டில இல்ல."

குரல் ஸ்டாண்டிலிருந்து வரவில்லை. முடிக்குள்ளிருந்து வந்தது. சிரித்துக்கொண்டு.

"பீப் சத்தம் கேட்டதும் பேரும் விஷயமும் சொல்லுங்க."

நின்றது.

இருமலின் இடம்.

ஞானபாய் வாயைப் பொத்தினாள். இரண்டு கையாலும். பையிலிருந்து கத்தி விழுந்தது. நெஞ்சுக்குள் அது ஏறி வந்தது. புகை. ஆசிட். சொன்ன வார்த்தை. மூச்சைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு நின்றாள். இன்று மத்தியானம் போனில் இருமலின் இடத்தில் அவள் கேட்டது இந்தப் பிடித்த மூச்சைத்தான்.

முடியவில்லை.

இருமினாள்.

"கிடக்கட்டு" என்றது முடிக்குள்ளிருந்து. "எனக்க அம்மைக்க இருமல் எனக்க வீட்டில கிடக்கட்டு."

சிவப்பு விளக்கு அணைந்தது. பின்னால், கதவுப்பக்கம், சிமெண்டுத் தரையில் பலாமரம் தானாக இழுபடுகிற சத்தம்.

இருட்டில் வளையல் உரசியது. முகம் சுவரையே பார்த்திருந்தது. கை மட்டும் பின்னால் நீண்டது. முழங்கை மடங்கக்கூடாத பக்கமாக மடங்கி, நாலு விரல் கறுப்பு பதிந்த அந்தக் கை, ரிசீவரை அம்மாவின் வாய்க்கு நேரே கொண்டுவந்து பிடித்தது.

பீப்.

சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. காத்திருந்தது.