கருப்பட்டித் தண்ணீர் குடித்த தேனீக்கள்

ரோஷினி காலையிலிருந்தே தேனீப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பள்ளிக்கூடத்துத் தேனீப் பெட்டியை விடுமுறையில் நான்தான் பார்த்துக்கொள்வேன் என்று அடம்பிடித்து வாங்கி வந்தவள் அவள். இப்போது பெட்டி வாசலில் ஏழெட்டுத் தேனீக்கள் செத்துக் கிடந்தன. மற்றவை தள்ளாடின. பெட்டியின் முகப்பெல்லாம் அவை கழிந்த பழுப்புக் கறை.

உள்ளே தேனடையின் அறைகளில் நூற்றுக்கணக்கான குஞ்சுப் புழுக்கள் இருந்தன. பெரியவை போய்விட்டால் அவற்றுக்கு யார் ஊட்டுவார்கள்? ஜெபராணி டீச்சரிடம் கேட்கலாம் என்றால் போன் எடுக்கவில்லை.

அம்மா பொன்மணி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். வீட்டுக்கு வந்ததும், தொண்டையில் படிந்த பட்டாசு மருந்துத் தூசி இறங்கட்டும் என்று கருப்பட்டித் தண்ணீர் குடிப்பார். இரண்டு நாளாக வீசிய அனல்காற்றில் தேனீக்கள் சோர்ந்து போனதும், அவற்றுக்கும் தூசிதான் என்று ரோஷினி முடிவுகட்டியிருந்தாள். நேற்றே தட்டு நிறையக் கருப்பட்டித் தண்ணீர் வைத்திருந்தாள். பெரிய டாக்டர் அல்லவா!

அம்மா வந்ததும் நடந்ததை அழுதுகொண்டே சொன்னாள். அம்மா திட்டவில்லை.

"எனக்கு ஒத்துக்கிடுதுன்னா அதுகளுக்கும் ஒத்துக்கிடுமா? நான் எம்புட்டு, அது எம்புட்டு" என்றார்.

ரோஷினி தட்டை எடுத்துப் பார்த்தாள். அடியில் கறுப்பாகக் கசடு தங்கியிருந்தது. பூவில் இருக்கும் தேனில் இப்படிக் கசடு ஏது? டீச்சர் வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. தேனீயின் உடம்பில் நொதிகள் இருக்கின்றன. உண்டதைச் செரிக்க வைப்பதும், புழுவைத் தேனீயாக வளர்ப்பதும், வெயிலையும் நஞ்சையும் தாங்க வைப்பதும் அவைதான்.

"அம்மா, நொதியெல்லாம் இந்தக் கசடோட மல்லுக்கட்டினா, வெயிலை எப்படித் தாங்கும்? குஞ்சு எப்படி வளரும்?"

கருப்பட்டித் தண்ணீரைக் கீழே கொட்டினாள். தட்டைக் கழுவி நல்ல தண்ணீர் ஊற்றினாள். தேனீக்கள் உட்கார்ந்து குடிக்கக் கூழாங்கற்களைப் போட்டாள். பெட்டியை அம்மாவோடு சேர்ந்து முருங்கை நிழலுக்கு மெதுவாக நகர்த்தி, மேலே ஈரச்சாக்கு விரித்தாள். சாக்கு காயக் காய நனைத்தாள். சோறுகூட அங்கேயே உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

மறுநாள் இரண்டு செத்துக் கிடந்தன. அதற்கு மறுநாள் ஒன்று. அப்புறம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் குஞ்சுகள்?

ஐந்தாம் நாள் இருவரும் பயந்து பயந்து பெட்டியைத் திறந்தார்கள். ஓர் அறையின் மெழுகு மூடி அசைந்தது. அதை உள்ளிருந்தே கடித்துத் திறந்துகொண்டு வெளுத்த தேனீ ஒன்று வெளியே வந்தது. கொஞ்ச நேரம் உடம்பைத் துடைத்துக்கொண்டது. பிறகு திரும்பி அறைக்குள்ளேயே தலையை விட்டது.

"ஐயோ, திரும்பப் போகுதே" என்று பதறினாள் ரோஷினி.

அம்மா உற்றுப் பார்த்தார். "இல்ல பிள்ள, அறையைச் சுத்தம் பண்ணுது. பொறந்த அன்னைக்கே வேலையைப் பாரு. உன் பாயை இன்னும் நான்தானே சுருட்டுறேன்."

அன்றைக்கு எந்தக் கிண்டலும் ரோஷினிக்கு உறைக்கவில்லை. அடுத்த மூடியும் அசைந்துகொண்டிருந்தது.