வலிச்சாட்சி

காலை ஏழு மணிக்கே மலையடிவாரத்து விலங்கு மருத்துவமனையில் இரண்டு படுக்கைகள் தயார். ஒன்று சிறுத்தைக்கு. மற்றது, விடியற்காலையில் அதை லாரியால் இடித்தவருக்கு.

சிறுத்தை அரைத் தூக்கத்தில் கிடந்தது. வெயில் ஏறிப்போன இந்தக் காலத்தில் முழு மயக்கம் கொடுத்தால் சிறுத்தைகள் திரும்ப எழுவதில்லை. அதனால் லேசான தூக்கமருந்து, பிறகு நொறுங்கிய காலுக்கு மட்டும் நரம்புத்தடை ஊசி. அந்த வேலையில் மயக்க மருத்துவர் ரெஜினாவுக்குப் பதினோரு வருடப் பழக்கம். தன் கையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஓட்டுநர் நல்லசிவத்தின் நெற்றியில் உணர்பட்டை கட்டியிருந்தது. சிறுத்தையின் கால்வலி அப்படியே அவர் காலில் இறங்கும். காட்டு விலங்கை இடித்தவரே அதன் வலிச்சாட்சி என்பது ஆறு மாதமாகச் சட்டம். கால் மரத்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகே கத்தி வைக்கலாம். சொன்ன கையோடு அவரும் வீட்டுக்குப் போகலாம்.

ரெஜினா சிறுத்தையின் தொடையில் இரண்டு இடங்களில் ஊசி போட்டாள். பத்து நிமிடம் போனது.

"மரத்துப்போச்சாண்ணா?"

"வெளிப்பக்கம் மரத்துப்போச்சுங்க டாக்டரம்மா. கணுக்காலுக்கு உள்பக்கம் தீயாட்டம் எரியுதுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. "இருக்காது. எப்பவும் இதே இடத்துலதான் போடுறேன். உங்களுக்கு முன்னாடி எட்டுப் பேர் படுத்தாங்க. எல்லாருக்கும் பத்தே நிமிஷம்தான்."

நல்லசிவத்துக்கு வியர்த்துக் கொட்டியது. "இன்னைக்கு மகளுக்கு வளைகாப்புங்க. பதினொரு மணிக்குள்ள ஈரோட்டுல நிக்கோணும். நானும் மரத்துப்போச்சுன்னு சொல்லிப்போட்டு ஓடிரலாமுங்க. ஆனா கத்தி வெச்சா அதுக்குத்தானுங்க வலிக்கும்?"

ரெஜினா வேண்டாவெறுப்பாக ஸ்கேன் கருவியைத் தொடையில் மேலே நகர்த்தினாள். இரண்டு விரற்கடை தள்ளி ஒரு மெல்லிய நரம்பு தனியாகப் பிரிந்து ஓடியது. அவள் படித்த புத்தகம் வீட்டுப் பூனைக்காக எழுதியது. சிறுத்தைக்கு அந்த நரம்பு முன்னாலேயே கிளைவிட்டிருந்தது. அங்கே ஊசி இறங்கிய ஐந்தாவது நிமிடம் நல்லசிவம் நீளமாக மூச்சு விட்டார்.

"இப்பத்தானுங்க காலு இருக்கறதே தெரியல."

அவள் அவர் நெற்றிப் பட்டையை அவிழ்த்தாள். பதினோரு வருடத்தில் அறுபத்து மூன்று சிறுத்தைகள். கத்தி பட்டதும் ஒவ்வொன்றுக்கும் இதயத்துடிப்பு எகிறும். பயத்தில் எகிறுகிறது என்று குறிப்பில் எழுதி வைப்பாள்.

"அப்போ அந்த எட்டுப் பேருக்கும் எரியலீங்களா?" என்று கேட்டார் நல்லசிவம்.

"எரிஞ்சிருக்கும்ணா. வீட்டுக்குப் போற அவசரத்துல பொய் சொல்லியிருக்காங்க."

"உங்களுக்குச் சந்தேகம் வரலீங்களா?"

ரெஜினா சிறுத்தையின் பாதித் திறந்த கண்ணைப் பார்த்தாள்.

"நம்புறதுக்கு எனக்கும் வசதியா இருந்துச்சுண்ணா," என்றாள்.