நான்காவது சொல்

ரூபிக்கு உட்காரத் தெரியாது.

நடக்கத் தெரியும். ஓடத் தெரியும். மாதா கோயில் படிகளில் மூன்று மூன்றாகத் தாவி இறங்கத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தொல்லை. ஒரு நிமிடத்தில் கால் ஆடும். கால் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் பென்சில் உருண்டு விழும். அதை எடுக்கத் திரும்பும் ரூபி, பென்சிலை மறந்துவிட்டுப் பின்னால் இருக்கும் மைமூனிடம் கதை பேச ஆரம்பித்துவிடுவாள்.

“ரூபி! கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்கு? முன்னால பார்த்து உட்காரு!”

தமிழ் ஆசிரியர் மருதப்பன் சார் இதை ஒரு பாடவேளையில் ஏழு முறையாவது சொல்வார். வகுப்பில் முதல் மாணவனான தனசேகரன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணி வைத்திருந்தான். அந்த மாதம் மட்டும் நூற்று இரண்டு கோடுகள்.

அது 1981ஆம் ஆண்டு. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளிக்குப் பின்னால் புது அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. தூண் இறக்கும் இயந்திரம் காலை முதல் ‘டங்... டங்...’ என்று அடித்துக்கொண்டே இருக்கும். ரூபியின் காலும் அதற்குத் தாளம் போடும்.

மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் மருதப்பன் சார் ஒரு பழக்கம் வைத்திருந்தார். மதிப்பெண்படிதான் இடம். முதல் மாணவனுக்கு முதல் வரிசை. ரூபிக்குக் கடைசிக்கு முந்தைய வரிசை. மைமூனுக்குக் கடைசி வரிசை, கடைசி மேசை, ஜன்னல் ஓரம்.

மைமூன் ரூபிக்கு நேர் எதிர். அசையாமல் உட்கார்ந்திருப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதலில் வாரா வாரம் பத்துக்கு ஐந்துதான் வாங்குவாள்.

ஒரு திங்கட்கிழமை சார் அவள் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அவளை முன்னால் கூப்பிட்டார்.

“முதல் மூணு சொல் சரி. கடைசி ரெண்டும் சரி. நடுவுல என்னம்மா ஆகுது? தூங்கிடுறியா?”

வகுப்பு சிரித்தது. மைமூன் தரையைப் பார்த்தாள்.

“இன்னும் மூணு வாரத்துல ஆண்டுத் தேர்வு. இந்த வெள்ளிக்கிழமை ஏழு மார்க்காவது வாங்கணும். இல்லன்னா மெதுவாப் படிக்கிற வகுப்புக்குப் போற பிள்ளைங்க பட்டியல்ல உன் பேரையும் எழுதி பிரின்சிபலிடம் கொடுத்துடுவேன்.”

மைமூன் தன் இடத்துக்குத் திரும்பினாள். அவள் கண் நிறைந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. ரூபி பார்த்தாள். அவள்தான் திரும்பி உட்கார்ந்திருந்தாளே!

“ரூபி! கால்ல சக்கரமா?” என்றார் சார். தனசேகரன் நூற்று மூன்றாவது கோட்டைப் போட்டான்.

ரூபிக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. மைமூன் இல்லாத மேசையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மைமூனின் நோட்டை வாங்கி ஜனவரி முதல் புரட்டினாள். எல்லா வாரமும் நான்கிலிருந்து எட்டு வரை சிவப்பு மை. சிலவற்றுக்கு நேரே ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

“வீட்ல எழுதிப் பார்த்தியா?”

“எல்லாம் தெரியும் ரூபி. வேணும்னா கேளு.”

ரூபி கேட்டாள். மைமூன் பத்தையும் தப்பில்லாமல் எழுதினாள். ரூபிக்குத்தான் நான்கு சொற்களில் சந்தேகம் வந்தது.

அன்று சாயங்காலம் ரூபியின் அப்பா ஜூரோங் கப்பல் பட்டறையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். இரும்புத் தகடு தட்டும் வேலை. பதினைந்து வருடம் தட்டித் தட்டி அவருக்குக் காது மந்தமாகிவிட்டது.

“அப்பா, ஞாயித்துக்கிழமை கடற்கரைக்குப் போலாமா?” என்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டாள் ரூபி.

அப்பா திரும்பவே இல்லை.

“சுவத்துக்கிட்டயா கேட்கிற?” என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. “முன்னால போய் முகத்தைப் பார்த்துக் கேளுடி!”

ரூபி முன்னால் ஓடினாள். வாயைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

மருதப்பன் சார் சொல்வதெழுதுதல் நடத்தும் விதம் அவளுக்கு ஞாபகம் வந்தது. முதல் மூன்று சொற்களைக் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்வார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். கடைசி வரிசைக்கும் பின்னால் போய், ஜன்னல் வழியே இயந்திரத்தை வேடிக்கை பார்த்தபடி நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. மறுபடி முன்னால் வந்து ஒன்பது, பத்து.

“என்னம்மா?” என்றார் அப்பா.

“ஒண்ணுமில்லப்பா!” என்று ரூபி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கடற்கரை மறந்தே போனது.

மறுநாள் கேண்டீன் வரிசையில் மைமூனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “மைமூன், உன் சடையில பல்லி!” என்றாள்.

முன்னால் நின்ற தனசேகரன் அலறிக்கொண்டு குதித்தான். அவனுக்குச் சடையே கிடையாது. மைமூன் மட்டும் திரும்பவில்லை.

ரூபி அவளை மாடிப்படிக்குக் கீழே இழுத்துப் போனாள். முகத்துக்கு நேரே நின்று கேட்டாள்.

“உனக்குக் காது கேக்காதா?”

மைமூன் சுற்றுமுற்றும் பார்த்தாள். “கொஞ்சம் கேக்கும். அஞ்சு வயசுல காய்ச்சல் வந்துச்சு, அப்புறம் இப்படித்தான். வாயைப் பார்த்தா புரிஞ்சுடும். யார்கிட்டயும் சொல்லாத லா, ரூபி.”

“சார்கிட்ட சொன்னா...”

“வேணாம்! தெரிஞ்சா காது கேக்காத பிள்ளைங்க ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்களாம். உம்மாதான் சொன்னாங்க. அங்க எனக்கு யாரையும் தெரியாது. சத்தியம் பண்ணு.”

ரூபிக்குச் சத்தியம் பண்ணப் பிடிக்கவில்லை. ஆனால் மைமூன் நீட்டிய கையை மடக்கவே இல்லை. ரூபி அதில் அடித்துச் சத்தியம் செய்தாள். செய்த பிறகுதான் யோசித்தாள். இப்போது என்ன செய்வது?

சாரிடம் சொல்ல முடியாது. ஆனால் சாரைத் திரும்ப வைக்கலாமே!

புதன்கிழமை சார் கரும்பலகையில் எழுதிக்கொண்டே பாடம் சொன்னார். ‘டமால்!’ ரூபியின் தகர டப்பா தரையில் விழுந்தது. சார் திரும்பினார்.

“என்ன அது?”

“கை தவறிடுச்சு சார். கடைசியா என்ன சொன்னீங்க சார்?”

சார் வகுப்பைப் பார்த்தபடி மறுபடி சொன்னார். மைமூன் எழுதிக்கொண்டாள்.

ஐந்து நிமிடத்தில் இன்னொரு ‘டமால்’. பிறகு ஒரு பெரிய தும்மல். பிறகு, “சார், கரப்பான் பூச்சி!” ஒவ்வொரு முறையும் சார் திரும்பினார், முறைத்தார், மறுபடி சொன்னார். அன்று மைமூன் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினாள். தனசேகரனுக்குக் கோடு போட இடம் போதவில்லை.

வியாழக்கிழமையும் இதே கூத்து. ஏழாவது ‘டமால்’ விழுந்ததும் சாரின் பொறுமை போய்விட்டது.

“போதும்! நாளைக்குப் பாடம் முடியிறவரைக்கும் நீ வெளியே நிக்கணும். சொல்வதெழுதுதலும் உனக்குக் கிடையாது. முட்டைதான்!”

முட்டையைப் பற்றி ரூபி கவலைப்படவில்லை, அது அவளுக்குப் பிடித்த சாப்பாடு. ஆனால் நாளை வெள்ளிக்கிழமை. அவள் வெளியே நின்றால் சாரை யார் திரும்ப வைப்பது?

மறுநாள் ரூபி நடைவழியில், வகுப்பின் முன்வாசல் பக்கம் நின்றாள். ஒரு காலில் நின்றாள். மறுகாலுக்கு மாறினாள். உள்ளே இருபது தலைகள் குனிந்திருந்தன.

“ஒன்று, சந்தை. இரண்டு, கூடை. மூன்று, தராசு.”

சார் கையைப் பின்னால் கட்டினார். நடந்தார். கடைசி வரிசையைத் தாண்டி ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்தார்.

‘டங்... டங்...’

“நான்கு, வெங்காயம்.”

மைமூனின் பென்சில் நின்றது. அவள் தலை நிமிர்ந்து அங்குமிங்கும் தேடியது. கண் வாசலில் வந்து நின்றது.

ரூபி ஒரு அடி முன்னால் வந்தாள். சத்தமே வராமல் வாயை மட்டும் நன்றாகத் திறந்து திறந்து சொன்னாள்: வெங்காயம்.

மைமூன் குனிந்து எழுதினாள்.

ஐந்தும் அப்படியே போனது. ஆறும் ஏழும் போயின. எட்டாவது சொல்லுக்கு ரூபி வாயைத் திறந்தபோது, சார் ஜன்னலை விட்டுத் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரூபி! உள்ள வா. மைமூன், எழுந்திரு. பரீட்சையில விடை சொல்லிக் கொடுக்கிறியா?”

“விடை சொல்லல சார். நீங்க சொன்ன சொல்லையேதான் மறுபடி சொன்னேன்.”

“நான்தான் சொன்னேனே! நீ ஏன் மறுபடி சொல்லணும்?”

ரூபி வாயை மூடிக்கொண்டாள்.  சத்தியம் செய்திருக்கிறாளே! கால் மட்டும் ஆடியது.

“பதில் சொல்ல மாட்டியா? சரி, மைமூனுக்குப் பூஜ்யம். ரெண்டு பேர் பேரும் பிரின்சிபலுக்குப் போகுது.”

“சார்!” ரூபி கத்தியே விட்டாள். “ஏன்னு மட்டும் கேக்காதீங்க சார். அந்தப் பத்தையும் மறுபடி ஒரு தடவை சொல்லுங்க. முன்னாலயே நின்னு, எங்களைப் பார்த்துச் சொல்லுங்க. வேற புதுச் சொல்லாக் கூடக் கேளுங்க. அப்புறம் என்ன தண்டனை வேணும்னாலும் கொடுங்க.”

சார் அவளை உற்றுப் பார்த்தார். இந்தப் பெண் குறும்புக்காரிதான், பொய் சொல்கிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் முன்னால் போனார். பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பத்துப் புதுச் சொற்களைத் தேடினார். நின்ற இடத்திலேயே நின்று, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

மைமூனுக்குப் பத்துக்கு ஒன்பது. எட்டாவதில் மட்டும் ஒரு கொம்பை மறந்திருந்தாள்.

சார் மைமூனின் நோட்டை ஜனவரியிலிருந்து புரட்டினார். நான்கிலிருந்து எட்டு வரை, பக்கத்துக்குப் பக்கம், அவர் கையாலேயே போட்ட சிவப்பு மை. பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலிலிருந்து கரும்பலகை வரை, தான் வாரா வாரம் நடக்கும் வழியைப் பார்த்தார்.

மைமூன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரூபியைப் பார்த்தாள். ரூபி உதட்டைக் கடித்துக்கொண்டு, தண்டனைக்குத் தயாராக நின்றாள்.

“எனக்குக் காது சரியாக் கேக்காது சார்,” என்றாள் மைமூன். “ரூபி மேல தப்பில்லை. நான்தான் சத்தியம் வாங்கிக்கிட்டேன். என்னை வேற ஸ்கூலுக்கு அனுப்பிடாதீங்க சார்.”

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அழுதுவிட்டாள்.

சார் அவள் மேசைக்கு எதிரே, அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

“நடுவுல நீ தூங்கலம்மா. நான்தான் ஊர்வலம் போயிட்டிருந்தேன்,” என்றார். “உன்னை எங்கயும் அனுப்ப மாட்டேன். உம்மாவை வரச் சொல்லு, டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி நான் பேசுறேன். பட்டியலும் கிட்டியலும் கிடையாது.”

பிறகு ரூபியிடம் திரும்பினார். “உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“திரும்பித் திரும்பிப் பார்த்துத்தான் சார்,” என்றாள் ரூபி.

திங்கட்கிழமை மேசைகள் எல்லாம் இடம் மாறின. மைமூன் முதல் வரிசைக்கு வந்தாள். “நான் எங்க சார் உட்கார்றது?” என்றான் தனசேகரன். “எங்க வேணும்னாலும்தான். உனக்குத்தான் எங்கிருந்தாலும் வருமே,” என்றார் சார்.

ரூபிக்குக் கடைசி வரிசை, ஜன்னலோரம். அங்கே அவள் நின்றுகொண்டும் எழுதலாம், யாருக்கும் மறைக்காது. இயந்திரம் அடிக்க ஆரம்பித்தால் ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்துவதும், நோட்டுகளைக் கொடுப்பதும் வாங்குவதும் இனி அவள் வேலை. அந்த வாரம் ரூபி முதல் முறையாகப் பாடத்தை முழுவதும் எழுதி முடித்தாள். பாதி நின்றுகொண்டு, பாதி ஒற்றைக்காலில்.

வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதல். சார் சுண்ணக்கட்டியால் கரும்பலகைக்கு முன்னால் தரையில் ஒரு வட்டம் போட்டார். அதற்குள் ஏறி நின்றார்.

“இனிமே பத்தும் இங்கிருந்துதான்,” என்றார்.

சொல்வது சுலபம். இருபது வருடப் பழக்கம் லேசில் போகுமா? முதல் சொல்லில் கையைப் பின்னால் கட்டினார். இரண்டாவதில் உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. மூன்றாவதில் வலது கால் தானாகவே வட்டத்துக்கு வெளியே போனது.

கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்த ரூபி கையைத் தூக்கினாள்.

“சார்! கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்கு?”

 சார் தன் காலைக் குனிந்து பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். காலை வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு, மைமூனைப் பார்த்தபடி அடுத்ததைச் சொன்னார்.

மைமூன் குனிந்து நான்காவது சொல்லை எழுதினாள்: நங்கூரம்.