முப்பத்தோரு சாவு

"வர மாட்டேன்னா வர மாட்டேன். என்னைய விட்டுருங்க..."

விடிந்தும் விடியாததுமாக இப்படிச் சொல்லிவிட்டு, சொர்ணத்தாய் ஒட்ட வேண்டிய தீப்பெட்டிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டு வருஷமாக அவள் தீப்பெட்டி ஒட்டித்தான் அந்த வீடு ஓடியது. நேற்றுத்தான் மெட்ராஸிலிருந்து கோவில்பட்டிக்கு வந்திருந்த புருஷன் சங்கரபாண்டிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் நடித்த படம் இங்கே ஐம்பது நாள் ஓடிவிட்டது. இன்று மேட்னியில் தியேட்டர்க்காரர்கள் அவருக்கு மாலை போடப்போகிறார்கள். பெண்டாட்டியோடு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"அப்படி என்னட்டி கேவலம் ஒனக்கு? திருவிழா நாடகத்துல தொண்டை கிழியக் கத்திக்கிட்டுக் கெடந்தவன், சினிமாவுல முப்பத்தோரு படம் நடிச்சிருக்கேன்! ஊரே பாத்திருக்கு. கட்டினவ ஒண்ணுகூடப் பாக்கல. அந்த வைராக்கியத்துலதான் எட்டு வருஷமா இந்த வாசப்படிய மிதிக்கல, தெரியுமா?"

சொர்ணத்தாய் பசையைத் தொட்டு அடுத்த பெட்டியை ஒட்டினாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த எட்டு வருஷமும் மிஞ்சியிருக்கும். ஆனால் இவளாவது, வாய் திறப்பதாவது!

அடுப்படியிலிருந்து சங்கரபாண்டியின் அக்காள் பாண்டியம்மாள் வந்தாள். தம்பி பெண்டாட்டிக்காக இத்தனை காலம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள்.

"ஏலே, நிறுத்துலே! ஒன் மொதப் படத்துக்கு இவ போனா. நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஒன்னைய வெட்டிச் சாய்ச்சதும், 'ஐயோ, எஞ் சாமி'ன்னு எந்திரிச்சு நெஞ்சுல அடிச்சு அழுதா பாரு... கொட்டகையே சிரிச்சுது! ஒம் பேரு கெட்டுப்போகும், சொல்லாதீங்க மதினின்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. அதுக்கப்புறம் ஒம் படம் வரும்போதெல்லாம், தாலிக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு செண்பகவல்லி கோயில்லயே கெடையாக் கெடந்தா!"

சங்கரபாண்டி பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். "நடிப்புன்னு தெரியாதா, சொர்ணம்?"

"தெரியாம என்ன..." அவள் தலை நிமிரவில்லை. "முப்பத்தோரு படத்துல எதுலயாவது கடைசி வரைக்கும் உசிரோட இருந்தீங்களா? ஒண்ணு... ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நான் வாரேன்!"

அவர் யோசித்தார். கதாநாயகனுக்கு அண்ணனாகச் செத்திருந்தார், அப்பனாகச் செத்திருந்தார். லாரியில் அடிபட்டு, பாம்பு கடித்து, இருமி இருமி... இவர் செத்தால் ஜனம் அழும் என்று டைரக்டர்கள் தேடித் தேடிக் கூப்பிட்டார்கள். அதைப் பெருமை என்றுதான் நினைத்திருந்தார். உயிரோடு மிஞ்சிய படம் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"பாவிப் பய நான்... எட்டு வருஷம் போச்சே, சொர்ணம்!"

அவள் எதிரில் சரிந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மாலையும் வேண்டாம், மரியாதையும் வேண்டாம் என்றார். அவள்தான் கையைக் கழுவிவிட்டு, கொடியில் கிடந்த சேலையை எடுத்தாள்.

"ஒத்துக்கிட்ட எடத்துக்குப் போவணும்லா... கெளம்புங்க."

தியேட்டரில் அவர் சாகிற கட்டம் வந்தது. சொர்ணத்தாய் கண்ணை மூடவில்லை. அவர் கையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, திரையில் அவர் கடைசி மூச்சு விடுகிற வரைக்கும் பார்த்தாள். கொட்டகை முழுக்க மூக்கை உறிஞ்சியது.

"நல்லாத்தான் சாகுதீங்க..." என்றாள், கண்ணீர் தாரையாக ஓட. "போதும். இனிமே வீட்டுக்கு வந்துருங்க."