மீன் இல்லாத ஒரு மாதம்

"பாஸ்... செடியெல்லாம் எங்க இருக்கு?"

திருச்செல்வம் திரும்பிப் பார்த்தான். திரும்பாமலே இருந்திருக்கலாம். மழையில் ஓடி வந்தவளின் இமைகளில் துளித்துளியாய் நீர் நின்றது. லேசாய்க் கரைந்த மைக்கு நடுவே இரண்டு பெரிய கண்கள் அவனையே முறைத்துக்கொண்டிருந்தன. அவ்வளவுதான்... அந்த நொடியில் அவன் மூளை வேலைநிறுத்தம் செய்துவிட்டது.

"பாஸ், உங்களத்தான்! பத்து நிமிஷமா நிக்கறேன் லா!"

பத்து நிமிடம் என்பது சுத்தப் பொய். அவனே கடைக்குள் வந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அதுவும் மீன் வாங்க அல்ல. கிள்ளானில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு ரயிலுக்கு நடந்தவனை மழை பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் நுழைந்தான். அது மீன் கடை. அங்கே மீனை வாங்குகிறவர்களே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். அதனால் உள்ளே காலை வைத்ததுமே கடைக்காரச் சீன ஆன்டி ஒரு சின்ன வலையையும் பிளாஸ்டிக் பேசினையும் அவன் கையில் திணித்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டாள். மழைக்கு ஒதுங்கினேன் என்று சொல்லச் சங்கடப்பட்டு அவனும் வலையைப் பிடித்தபடி நின்றான். உடம்பில் கம்பெனியின் நீலச் சட்டை வேறு. பார்ப்பவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

'நான் கடைக்காரன் இல்லைங்க.' மூன்றே வார்த்தை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவன் சொன்னது...

"செடி... அந்தப் பக்கம் இருக்குங்க."

அவன் நல்ல நேரம், அந்தப் பக்கம் செடி இருந்தது.

"ஓ, நீங்க இந்தியாவுலேர்ந்து வந்த ஊர்க்காரரா?" அவள் குரல் சட்டென்று இளகியது. "எனக்கு ஒண்ணுமே தெரியாது பாஸ். நான் பல் கிளினிக்குல நர்ஸ். பிள்ளைங்க உள்ள வந்தாலே ஒரே அழுகை. மீன் தொட்டி வச்சா அழாதுங்கன்னு டாக்டர்கிட்ட நான்தான் வாய விட்டேன். சரி, நீயே செய்யின்னுட்டாங்க. ரெண்டடி டேங்க். பிளாஸ்டிக் செடி வேணாம், உசுரு உள்ள செடி. எத்தன மீன் போடலாம்?"

"எட்டு," என்றான் யோசிக்காமல். பத்து வருடமாக லிஃப்டோடு குடித்தனம் நடத்துகிறவன். எட்டுப் பேர், ஐந்நூற்றைம்பது கிலோ... அவனுக்குத் தெரிந்த கொள்ளளவு அது ஒன்றுதான்.

அடுத்த அரை மணி நேரம் நம் ஆள் செய்ததெல்லாம் பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, ஏதோ தன் பரம்பரை ஞானம் போலத் திருப்பிச் சொன்னதுதான். செடி மண், கல், வடிகட்டி, குளோரின் எடுக்கும் மருந்து... அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவள் தலையாட்டும்போதெல்லாம் காதில் ஒரு சின்னக் கம்மல் ஆடியது. இவன் அடுத்த பொட்டலத்தை எடுத்தான்.

"சரி பாஸ், எட்டு மீன் பிடிச்சுக் குடுங்க."

போச்சு. வலையைப் பிடித்தானே ஒழிய, வாழ்க்கையில் மீன் பிடித்ததில்லை. முகம் வேர்த்தது.

"இன்னிக்கு மீன் வேணாங்க. மொதல்ல செடி... செடி ஊனட்டும். ஒரு மாசம் போகட்டும்."

அவள் கண்கள் இன்னும் பெரிதாயின. "மத்த கடையில அன்னிக்கே மீன பையில கட்டி தாப்பாவ் பண்ணிக் குடுத்துருவாங்க. நீங்க விக்க மாட்டேங்கறீங்க! நல்ல மனசு பாஸ். நம்பர் குடுங்க, ஏதாச்சும்னா கேக்கறேன். என் பேரு ஆட்ரி."

குடுத்தான், பேரோடு. கடவுளே... குடுத்துவிட்டான்.

மறுநாளே செய்தி வந்தது. 'பாஸ், மண்ணு போட்டு செடி நட்டுட்டேன். தண்ணி பால் மாதிரி ஆயிருச்சு. ஏன்?'

பிரிக்பீல்ட்ஸில் தான் தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து திருச்செல்வம் காணொளி காணொளியாகப் பார்த்தான். உடனே தண்ணீரை மாற்று என்றார் ஒருவர். மாற்றினால் கெட்டது என்றார் இன்னொருவர். விளக்கு எட்டு மணி நேரம் எரியட்டும்... ஆறைத் தாண்டினால் பாசி பிடிக்கும்... வடிகட்டியைக் கழுவு... கழுவினால் நல்ல கிருமியெல்லாம் செத்துவிடும்... (கிருமியில் நல்லது வேறு உண்டா?) இரண்டு மணி நேரத்தில் தலை கிறுகிறுத்தது. ஒன்றே ஒன்றுதான் புரிந்தது. புதுத் தொட்டியில் அந்த நல்ல கிருமிகள் பெருகும்வரை, மூன்று நான்கு வாரம், மீன் விடவே கூடாதாம். பயத்தில் அவன் உளறியது அப்படியே உண்மையாம்!

மற்றதற்கு என்ன செய்வது? தான் கைவைத்துப் பார்க்காததை அடுத்தவருக்குச் சொல்லக் கூடாது என்பது வேலையில் அவன் கொள்கை. 'ரெண்டு நாள் டைம் குடுங்க' என்று பதில் போட்டுவிட்டு, மறுநாள் மாலையே அதே அளவு தொட்டி, அதே மண், அதே செடிகளோடு அறைக்கு வந்தான்.

வேலை முடிந்து வந்த அறைத் தோழன் விமலன் கதவைத் திறந்ததும் அலறினான். "டேய், குளிக்கிற பக்கெட்டுல என்னடா சேறு? மீன் எங்க?"

"மீன் இல்ல. ஒரு மாசம் ஆகும்."

விமலன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "மீன் இல்லாத மீன் தொட்டி... யாருடா அவ?"

இரண்டாம் நாள் இவன் தொட்டியும் பாலாய்க் கலங்கியது. தொட்டி கலங்கியதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டான். 'தொடாதீங்க, தானா தெளியும்' என்று எழுதினான். நான்காம் நாள் இரண்டும் தெளிந்தன. 'பாஸ், நீங்க பெரிய ஆளு!' என்று வந்தது.

பிறகு தினமும் ஏதாவது கேள்வி. கல்லில் பழுப்பாய்ப் படிகிறதே? குட்டி நத்தை எங்கிருந்து வந்தது? கேள்விக்குப் பின்னால் மெல்ல மெல்ல வேறு பேச்சும் வந்தது. சாப்பிட்டீங்களா பாஸ்... கிள்ளான்ல இன்னிக்கும் மழை பாஸ்... அவன் லிஃப்டின் மேல் நின்றுகொண்டே சிரித்தான்.

சிரித்து முடித்ததும் அவள் செய்திகளை முதலிலிருந்து மறுபடி படிப்பான். இவள் யாரிடம் பேசுகிறாள்? மீன் கடை பாஸிடம். அந்தக் கடையில் அப்படி ஒருவன் கிடையாது. இல்லாத ஒருவனுக்கு வரும் அன்பை நான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேனே... சொல்லிவிட்டால் போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவள் என்னவளே இல்லை. எழுதுவான், அழிப்பான். மறுபடி எழுதி மறுபடி அழிப்பான்.

மூன்றாவது வாரம் கேள்விகளின் போக்கே மாறியது.

'பாஸ், டாக்டர் டிரில் போட்டா செடியெல்லாம் இடது பக்கமா சாயுது. ஏன்?'

எந்தக் காணொளியிலும் இதற்குப் பதில் இல்லை. அவன் வேலையிடத்திலிருந்து ஒரு டிரில்லைத் தூக்கி வந்து தொட்டிக்குப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தான். விமலன் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு, "ஊருக்கு போன் போடட்டாடா?" என்றான். 'கடைத் தொட்டிகிட்ட டிரில் ஓட்டிப் பாத்தேங்க. செடி சாயல. உங்க டிரில் எத்தன வாட்டு?' என்று இவன் பொறுப்பாக எழுதினான்.

'பாஸ், பல்லு புடுங்க வர்றவங்கள பாத்தா மட்டும் நத்தை உள்ள போயிடுது.' 'பாஸ், திங்கக்கிழமை மட்டும் தண்ணியில மல்லிப்பூ வாசம்.'

மல்லிப்பூவா? தன் தொட்டியை மோந்து மோந்து பார்த்ததில் மூக்கில் தண்ணீர் ஏறியதுதான் மிச்சம்.

நான்காம் வாரச் சனிக்கிழமை, ஆன்டியிடமே கேட்டுவிடலாமென்று ரயில் பிடித்து அதே கடைக்குப் போனான். ஆன்டி அவனைப் பார்த்ததும் பூவாய்ச் சிரித்தாள். அவளுக்கு மலாயோடு கொஞ்சம் தமிழும் வரும்.

"ஆ, வா! அந்தப் பொண்ணு ரெண்டு வாரம் முன்னாடி வந்துச்சு. பாஸ் எங்கேன்னு கேட்டுச்சு. எந்த பாஸ்? நான்தான் பாஸ்! தமிழ் ஆளு என் கடையில இல்ல சொன்னேன். நீ அது பாய்பிரண்ட் நெனச்சேன்!"

"அவங்க... என்ன சொன்னாங்க?"

"மூஞ்சி சிவப்பு. ரொம்ப நேரம் நின்னுச்சு. உனக்குத் தின்ன கறிபாப் வாங்கிட்டு வந்துச்சு. போகும்போது எனக்குக் குடுத்துச்சு. நல்ல கறிபாப்."

இரண்டு வாரம் முன்பே! அப்படியானால் டிரில்... நத்தை... மல்லிப்பூ...

கன்னமெல்லாம் சூடாகியது. தெரிந்துகொண்டே ஆட்டி வைத்திருக்கிறாள். கிளினிக்கில் எல்லாரும் கூடிச் சிரித்திருப்பார்கள். பொய் சொன்னவன் நான்தான், சரி... அதற்காக இப்படியா? ஆனால் கறிபாப் எதற்கு? கோபமா, விளையாட்டா, வேறு ஏதாவதா? ரயில் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தது. அவன் ஒரு முடிவுக்கும் வந்து சேரவில்லை.

நான்கு நாள் அவள் செய்திக்குப் பதிலே போடவில்லை. ரோஷம்.

ஐந்தாம் நாள் காலை ஒரு படம் வந்தது. இலையெல்லாம் கூழாய்க் கரைந்து, தொட்டியே அழுதுகொண்டிருந்தது.

'தொட்டிய முன்னறைக்கு மாத்தி, தண்ணிய முழுக்க மாத்தினோம். எல்லாம் சாவுது. இது விளையாட்டு இல்ல. நிஜம். இன்னிக்கி எல்லாத்தையும் புடுங்கிட்டு பிளாஸ்டிக் வைக்கப் போறேன். தேங்க்ஸ்.'

திருச்செல்வம் தன் தொட்டியைப் பார்த்தான். இவன் செடியும் இரண்டாம் வாரம் இப்படித்தான் கரைந்தது. பழைய இலை போய், வேரிலிருந்து புதுசு புதுசாய் வந்திருக்கிறது. முதல் தடவையாக ஒரு பதில் எந்தக் காணொளியும் பார்க்காமல் அவனுக்கே தெரிந்திருந்தது. 'புடுங்காதீங்க, வேர் உசுரோட இருக்கு' என்று அனுப்பினான். போகவில்லை. வேலை நேரத்தில் அவள் போனை அணைத்து வைத்திருக்க வேண்டும். ரோஷமாவது, மண்ணாவது... மேலாளரிடம் அரை நாள் லீவு கேட்டான். என்ன காரணம் என்றார். "பல் வலி சார்," என்றான்.

அவள் அனுப்பிய படத்தில் கண்ணாடிக் கதவில் தெரிந்த பெயரை வைத்துக் கிளினிக்கைத் தேடிப் பிடித்தான். முன்னறையில் தொட்டி அப்படியே இருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் செடிப் பொட்டலம் பிரிக்கக் காத்திருந்தது. முன்மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்து, "என்ன பிரச்சன?" என்று கேட்க, மறுபடியும் "பல் வலி" என்றான். பொய் சொல்வது பழகிவிட்டது, பாருங்கள்.

உள்ளே கூப்பிட்டார்கள். நாற்காலியில் சாய்த்தார்கள். முகக்கவசத்துக்கு மேலே அதே இரண்டு கண்கள்... அவனைக் கண்டதும் அப்படியே நின்றன. பிறகு அவள் சட்டென்று தட்டில் இருந்த கருவிகளை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தாள்.

டாக்டர் ரமணி வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்தார். "ஐயோ, இவ்வளவு பெரிய ஓட்டைய வச்சிக்கிட்டு எப்படி லா இருந்தீங்க? இன்னிக்கே அடைச்சிரலாம்." வந்த காரணத்தைச் சொல்வதற்குள் ஊசி இறங்கிவிட்டது. "பத்து நிமிஷம் மரக்கட்டும். ஆட்ரி, பாத்துக்க. நான் ஒரு போன் பேசிட்டு வரேன்."

கதவு மூடியது. ஆட்ரி கவசத்தை இறக்கினாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"செடியப் புடுங்காதீங்க... வேர் சாகல... என்னோடதும் இப்படித்தான் ஆச்சு..." என்றான். மரத்த உதட்டிலிருந்து பாதிக் காற்றுதான் வந்தது. ஆனாலும் அவளுக்குப் புரிந்தது.

"உங்களோடதா? உங்களுக்கு ஏது தொட்டி? நீங்க லிஃப்ட் ஆளாம்ல? சட்டையில இருந்த கம்பெனி பேர ஆன்டி சொன்னாங்க." அவள் கையுறைகளை உருவிப் போட்டாள். "எனக்கு எவ்வளவு அவமானமா இருந்துச்சு தெரியுமா? பைத்தியம் மாதிரி கறிபாப் வாங்கிட்டுப் போயி நிக்கறேன். இவர நல்லா அலைய விடணும்னுதான் கண்டதையும் கேட்டேன். ஆனா நீங்க டிரில் ஓட்டிப் பாத்தேன்னீங்க. எத்தன வாட்டுன்னு கேட்டீங்க. கடையில இல்லாத ஆளு எந்தத் தொட்டிகிட்ட டிரில் ஓட்டுவாரு? எனக்குப் பதில் சொல்றதுக்குன்னே ஒரு தொட்டி வாங்கினவரு மேல நான் எப்படி கோவப்படறது? கோவமும் போகல... சிரிப்பும் நிக்கல. அப்பறம் நாலு நாளு பேசாம போயிட்டீங்க. அதுதான் தாங்க முடியல."

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"அன்னிக்கே சொல்லிருக்கணும்... பயம். கடைக்காரன்தான் உங்களுக்கு வேணும்னு நெனச்சேன். நான் யாரோ. எனக்கு மீன் தெரியாது. செடி தெரியாது." வாயோரம் எச்சில் வழிந்தது, அது அவனுக்குத் தெரியவில்லை. "உங்களைப் புடிச்சிருக்கு. ரொம்ப. அது மட்டும் நல்லாத் தெரியும்."

எந்தக் காதலனும் இவ்வளவு கேவலமான நிலையில் காதலைச் சொல்லியிருக்க மாட்டான். ஆட்ரி ஒரு டிஷ்யூவை எடுத்து அவன் வாயோரத்தைத் துடைத்தாள். துடைத்த கை உடனே விலகவில்லை. கண்களில் நீர் கோத்துக்கொண்டது.

"பேரையாவது நிஜமா சொன்னீங்களா... திருச்செல்வம்தானே?"

முதல் தடவையாக அவள் வாயில் அவன் பெயர்! அவன் வேகமாகத் தலையாட்டினான்.

"எனக்கும்தான் லா," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "எப்ப இருந்துன்னு கேக்காதீங்க. எனக்கே கொழப்பமா இருக்கு."

அவன் முகத்தைத் தடவிப் பார்த்தான். கன்னம் எங்கே, உதடு எங்கே, ஒன்றும் தெரியவில்லை.

"நான் சிரிக்கறேனா?"

அவள் குனிந்து, மிகக் கவனமாகப் பார்த்தாள்.

"பாதி சிரிக்கறீங்க."

"மீதி?"

"மரப்பு போக ரெண்டு மணி நேரம் ஆகும். எனக்கு ஆறு மணிக்கு வேல முடியும்." கதவுக்கு வெளியே டாக்டரின் காலடி கேட்டது. அவள் அவசரமாய்க் கவசத்தை ஏற்றிக்கொண்டாள். "போயிடாதீங்க. அந்த மீதியையும் நான் பாக்கணும்."